நீள்வதை விட நிலைப்பது கடினம்: உடலுக்குள் செல்லும் மென்மையான மின்னணுவியல்

சிலிக்கனின் யங் குணகம், படிகத்தின் திசையைப் பொறுத்து, 130 முதல் 190 ஜிகாபாஸ்கல் வரை இருக்கிறது. மூளைத் திசுவின் யங் குணகமோ ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல்தான். இழுவிசைக்கும் அழுத்தத்துக்கும் ஒரு பொருள் எவ்வளவு இடங்கொடுக்காமல் நிற்கிறது என்பதைக் காட்டும் இந்த அளவில், மின்னணுவியலின் அடிப்படைப் பொருளுக்கும் அது சென்று சேர வேண்டிய உறுப்புக்கும் இடையே பத்துக் கோடி மடங்குக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. நீரைத் தாங்கி நிற்கும் பாலிமர் வலையான ஹைட்ரோஜெல், மின்சாரம் கடத்தும் பாலிமர், நீளும் குறைக்கடத்தி, திரவ உலோகம் என்று கடந்த இருபது ஆண்டுகளாகப் பேசப்படும் மென்மையான பொருட்கள் அனைத்தும் இந்த இடைவெளியைக் குறைக்க எழுந்த முயற்சிகளே.

இந்த இடைவெளி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை மூளையில் பதிக்கப்படும் மின்முனைகளில் தெளிவாகக் காணலாம். ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் ஒவ்வொரு மூச்சிலும் மூளை மண்டையோட்டுக்குள் மிக நுண்ணிய அளவில் அசைந்துகொண்டே இருக்கிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான மின்முனை அணியில், 4 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் நூறு சிலிக்கன் ஊசிகள் நிற்கின்றன. அவை மூளையோடு சேர்ந்து வளைவதில்லை. ஊசியைச் சுற்றியுள்ள திசு ஓயாமல் உரசப்படுகிறது. மூளையின் நோயெதிர்ப்பு செல்களான நுண்கிளியா முதலில் அங்கே கூடுகின்றன, பின்னர் நரம்பு செல்களைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் ஊசியைச் சுற்றி ஒரு வடுவுறையைக் கட்டுகின்றன, நரம்பு செல்கள் விலகவோ மடியவோ செய்கின்றன. கைகால் செயலிழந்தோர் எண்ணத்தால் கணினிச் சுட்டியை நகர்த்த முடியும் என்பதை 2004இல் தொடங்கிய பிரெயின்கேட் சோதனைகளில் நிரூபித்துக் காட்டியவை இதே ஊசிகள்தாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் மாதங்களும் ஆண்டுகளும் செல்லச் செல்ல, அவை பதிவுசெய்யும் சமிக்ஞை பெரும்பாலும் தேய்ந்துகொண்டே போகிறது.

இத்துறையின் செய்திகளில் முன்னிறுத்தப்படுவது பெரும்பாலும் நீட்சிதான்: இத்தனை மடங்கு நீள்கிறது, இத்தனை ஆயிரம் முறை வளைத்தும் அறுபடவில்லை என்பன போன்ற எண்களே தலைப்பாகின்றன. அவை பொய்யல்ல. எனினும், நோயாளிக்கு முக்கியமான கேள்வி வேறு. அந்தப் பொருள், உப்பு நீரும் நொதிகளும் நோயெதிர்ப்பு செல்களும் நிறைந்த சூழலில், தன் மென்மையையும் தன் மின்பண்பையும் ஒருசேர எத்தனை காலம் காப்பாற்றிக்கொள்ளும் என்பதே அது. கடந்த கால முன்னேற்றங்களை இந்தக் கேள்வியின் வெளிச்சத்தில் அளந்து பார்ப்பதே நியாயம் என்று நான் கருதுகிறேன்.

இடைவெளியைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கடினமான பொருளையே மிக மெல்லியதாக்குவது. ஒரு தகட்டின் வளைவு விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிறது. தேக்குப் பலகையைக் கையால் வளைக்க முடியாது, அதே பலகையிலிருந்து இழைப்புளி சீவித் தள்ளும் சுருளை விரலில் சுற்றிக்கொள்ளலாம். 500 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன் வில்லையை ஒரு மைக்ரோமீட்டர் படலமாக்கினால் அதன் வளைவு விறைப்பு 12.5 கோடி மடங்கு குறைகிறது. பொருள் அதேதான், அதன் யங் குணகத்தில் மாற்றமே இல்லை.

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் தலைமையிலான குழு இந்த வழியை வெகுதூரம் கொண்டு சென்றது. 2006இல் அவர்கள், முன்கூட்டியே இழுத்து வைத்த சிலிக்கோன் ரப்பரின்மீது மெல்லிய சிலிக்கன் நாடாக்களை ஒட்டி, பிறகு ரப்பரைத் தளர்த்தினார்கள். ரப்பர் சுருங்கியபோது சிலிக்கன் நாடாக்கள் அலை அலையாக மடிந்தன. மீண்டும் இழுத்தால் அலைகள் விரிந்து கொடுத்தன, சிலிக்கன் உடையவில்லை. 2011இல் இதே குழு, தோலின்மீது தற்காலிகப் பச்சையைப் போல ஒட்டிக்கொள்ளும் மின்சுற்றை வெளியிட்டது. உலோகக் கம்பிகளைப் பாம்பு வளைவுகளாக வரைந்திருந்ததால், தோல் இழுபடும்போது வளைவுகள் திறந்து இழுவிசையைத் தாங்கிக்கொண்டன.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாவோ சோமேயா குழு கரிமக் குறைக்கடத்திகளைக்கொண்டு இதே திசையில் சென்றது. 2013இல் அவர்கள் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் படலத்தில் மின்சுற்றுகளை அமைத்தார்கள். அதன் எடை சதுர மீட்டருக்கு 3 கிராம் மட்டுமே, கசக்கிப் பிரித்தாலும் அது வேலை செய்தது. ஆயினும், தோலின்மீது அவ்வளவு மெல்லிய படலம் ஒட்டியிருந்தாலும் வியர்வை வெளியேற வழியில்லாமல் போகும் என்பது ஒரு தனிச் சிக்கல். 2017இல் இதே குழு வெளியிட்ட நுண்வலை மின்முனை அதற்கு அழகான விடை தந்தது. பாலிவினைல் ஆல்கஹால் நுண்ணிழைகளால் ஒரு வலையைப் பின்னி, அதன்மீது தங்கத்தைப் படியச் செய்து, தோலில் வைத்து நீர் தெளித்தால், இழைகள் கரைந்து தோலோடு ஒட்ட, தங்க வலை மட்டும் எஞ்சுகிறது. காற்றும் வியர்வையும் அதனூடே போய்வர முடிந்ததால், ஒரு வாரம் தோலில் வைத்திருந்தும் அழற்சி ஏற்படவில்லை.

இரண்டாவது வழி, பொருளையே மென்மையானதாகத் தேர்ந்தெடுப்பது. இதன் தொடக்கம் பலரும் நினைப்பதைவிடப் பழையது. செக்கோஸ்லோவாக்கியாவின் வேதியியலாளர்கள் ஓட்டோ விக்டெர்லேயும் டிராஹோஸ்லாவ் லிம்மும், உடலில் பயன்படுத்துவதற்கான நீர்விரும்பும் ஜெல்கள் பற்றிய தங்கள் கட்டுரையை 1960இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பாலி ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாக்ரிலேட் என்ற அந்தப் பொருளின் சங்கிலிகள் குறுக்குப் பிணைப்புகளால் வலையாகக் கோக்கப்பட்டிருக்கும். தன் எடையில் ஏறத்தாழ 38 விழுக்காடு நீரை ஏற்றுக்கொண்டு அது குழைவான, ஒளி ஊடுருவும் பொருளாக நிற்கும். அரசின் ஆதரவு விலகியபின், 1961ஆம் ஆண்டின் இறுதியில் விக்டெர்லே தன் வீட்டிலேயே, குழந்தைகள் விளையாடும் மெர்க்கூர் உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்துச் செய்த சுழல் கருவியில் மென்மையான கான்டாக்ட் லென்ஸ்களை வார்த்தெடுத்தார். பத்தாண்டுகள் கழித்து, 1971இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனத்தின் மென்மையான லென்ஸுக்கு அனுமதி அளித்தது.

நீரைத் தாங்கும் இந்த வலைகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது: எளிதில் கிழிந்துவிடும். எங்காவது ஒரு சிறு விரிசல் தோன்றினால், அதன் முனையில் குவியும் விசையைப் பகிர்ந்துகொள்ள அருகில் எதுவும் இருப்பதில்லை. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் ஜியான் பிங் கோங் 2003இல் கண்ட தீர்வு, ஒரே ஜெல்லுக்குள் இரண்டு வலைகளை வைப்பது. முதல் வலை இறுக்கமானது, உடையக்கூடியது. இரண்டாவது தளர்வானது, நன்கு நீளக்கூடியது. விரிசல் வரும்போது முதல் வலையின் பிணைப்புகள் பரவலாக உடைந்து ஆற்றலை உள்வாங்குகின்றன, இரண்டாவது வலை முழுவதையும் பிடித்து வைத்திருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு நீராக இருக்கும் ஒரு பொருள் பல மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கியது அதற்குமுன் எண்ணிப் பார்க்க முடியாத ஒன்று. 2012இல் ஹார்வர்டின் ஷிகாங் சூவோவும் டேவிட் மூனியும் அடங்கிய குழு, கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டையும் பாலிஅக்ரிலமைடையும் சேர்த்து இதே கருத்தை மேலும் நயமாக்கியது. ஆல்ஜினேட் சங்கிலிகளைக் கால்சியம் அயனிகள் பிணைத்திருந்ததால், உடைந்த பிணைப்புகள் ஓய்வில் மீண்டும் கூடின. அந்த ஜெல் தன் நீளத்தைப் போல 20 மடங்குக்கு மேல் நீண்டது. அதைக் கிழிக்கத் தேவைப்பட்ட ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9,000 ஜூல்.

மென்மையும் உறுதியும் கைகூடிய பிறகும் மின்சாரம் எஞ்சி நிற்கிறது. உலோகத்திலும் சிலிக்கனிலும் மின்னோட்டத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். நரம்பிலும் தசையிலும் சுமப்பவை சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற அயனிகள். ஆகவே, எந்த மின்முனையும் ஓர் எல்லைக்கோட்டில் நின்று ஒரு வகை மின்னோட்டத்தை மற்றொன்றாக மாற்றித் தர வேண்டியிருக்கிறது. வழவழப்பான உலோகத்தில் இந்த மாற்றம் மேற்பரப்பில் மட்டுமே நிகழ்வதால், மின்முனையைச் சிறிதாக்கச் சிறிதாக்க, மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையான மின்மறுப்பு ஏறுகிறது, சமிக்ஞையில் இரைச்சல் கூடுகிறது.

1977இல் ஹிடேகி ஷிரகாவா, ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் ஆகிய மூவரும் பாலிஅசிட்டிலீனை அயோடின் ஆவியால் ஊட்டி, பிளாஸ்டிக்கும் உலோகத்தைப் போல மின்சாரம் கடத்தும் என்று காட்டினார்கள். 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பாலிஅசிட்டிலீன் காற்றில் நிலைக்காத பொருள் என்பதால் அது நேரடியாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை. உடலுக்குள் இன்று பெரிதும் ஆராயப்படுவது பெடாட்-பிஎஸ்எஸ் எனப்படும் இரு பாலிமர்களின் கலவை. இதில் பெடாட் எலக்ட்ரான் ஓட்டத்தைச் சுமக்கிறது. பிஎஸ்எஸ் நீரை ஈர்த்து, அயனிகள் உள்ளே நுழைய வழிவிடுகிறது. மின்மாற்றம் மேற்பரப்போடு நிற்காமல் படலத்தின் கனஅளவு முழுவதிலும் நிகழ்வதால், அதே அளவுள்ள உலோக மின்முனையைவிட மின்மறுப்பு வெகுவாகக் குறைகிறது. 2015இல் நியூயார்க்கில் டியோன் கோடகோலியும் கியார்கி புஸாகியும் உருவாக்கிய நியூரோகிரிட் என்னும் 4 மைக்ரோமீட்டர் படலம், மூளையைத் துளைக்காமல், அதன் மேற்பரப்பில் படிந்தபடியே தனித்தனி நரம்பு செல்களின் துடிப்பைப் பதிவுசெய்தது.

மெல்லியதாக்குவதும் மென்மையாக்குவதும் ஒன்றல்ல என்பதைத் திட்டவட்டமாகக் காட்டிய ஆய்வு, சுவிட்சர்லாந்தின் லோசான் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்டெபனி லக்கூர், கிரெகுவார் கூர்த்தீன் குழுக்கள் 2015இல் வெளியிட்டதாகும். இத்துறை முழுவதிலும் இந்த ஒரு பரிசோதனையே அதிகம் கற்றுத்தருவது என்று சொல்லத் துணிவேன். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள டியூரா என்னும் உறையின் குழைவை ஒத்த ஒரு பதியத்தை, அதாவது உடலுக்குள் பதித்து வைக்கும் கருவியை, அவர்கள் செய்தார்கள். 120 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கோன் படலம், இழுத்தாலும் தொடர்பு அறாதபடி நுண்விரிசல்களோடு படியவைக்கப்பட்ட தங்கக் கம்பிகள், பிளாட்டினத் துகளும் சிலிக்கோனும் கலந்த மின்முனைகள், மருந்து செலுத்த ஒரு நுண்குழாய் ஆகியவை அதில் இருந்தன. ஒப்பீட்டுக்காக, 25 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பாலிஇமைடு படலம் வேறு சில எலிகளின் தண்டுவடத்தில் வைக்கப்பட்டது; இன்னொரு குழுவுக்குப் பதியமின்றி அறுவை மட்டும் செய்யப்பட்டது.

பாலிஇமைடு படலம் கைக்குத் தாள்போல வளையும் பொருள். நெகிழும் மின்னணுவியலில் அன்றாடம் பயன்படுவது. ஆனால் தண்டுவடம் வளைவதோடு நிற்பதில்லை. இயல்பான உடலசைவிலேயே அது 10 முதல் 20 விழுக்காடு வரை நீள்கிறது. வளையும், ஆனால் நீளாது என்ற படலம் அங்கே ஓயாத உராய்வாகிறது. ஆறு வாரங்களுக்குப் பின், பாலிஇமைடு வைக்கப்பட்ட எலிகளின் தண்டுவடம் உருக்குலைந்திருந்தது, அழற்சி பரவியிருந்தது, நடையிலும் தடுமாற்றம் தெரிந்தது. சிலிக்கோன் பதியம் வைக்கப்பட்டவற்றையோ, அறுவை மட்டும் செய்யப்பட்டவற்றிலிருந்து வேறுபடுத்திக் காண இயலவில்லை. தடிமனில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலான படலமே திசுவுக்குத் தீங்கற்றதாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆறு வாரம் என்பது எலிக்கு ஒரு கணிசமான காலம். மனிதருக்கு அது போதாது, இங்கிருந்துதான் கடினமான பகுதி தொடங்குகிறது. ஒரு பாலிமர் மென்மையாக இருப்பதற்குக் காரணம் அதன் சங்கிலிகள் எளிதில் அசைவதே. சங்கிலிகள் அசையும்போது இடையில் வெற்றிடங்கள் தோன்றித் தோன்றி மறைகின்றன, அவற்றினூடே நீராவி கடந்து செல்கிறது. அதாவது, மென்மையைத் தரும் அதே பண்பு நீர்த்தடையைக் கெடுக்கிறது. இது உற்பத்தியில் சரிசெய்யக்கூடிய குறையன்று. 1958இல் சுவீடனில் மனித உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கர் எப்பாக்சி பிசினில் வார்க்கப்பட்டிருந்தது. அது சில மணிநேரமே இயங்கியது. பிசினுக்குள் ஈரம் புகும் சிக்கலோடு பல ஆண்டுகள் போராடிய பின்னரே அத்துறை காற்றும் நீரும் புகாத டைட்டானியக் கூட்டுக்கு மாறியது. இன்றைய நெகிழும் மின்சுற்றுகள் அந்தப் பழைய சிக்கலை, டைட்டானியத்தின் உதவியின்றி, மீண்டும் எதிர்கொள்கின்றன. மிக உயர்ந்த வெப்பநிலையில் சிலிக்கன்மீது வளர்க்கப்படும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான சிலிக்கன் டைஆக்சைடு படலம் வளையக்கூடியதாகவும் பல்லாண்டு நீரைத் தடுக்கக்கூடியதாகவும் இருக்கும் என்று ரோஜர்ஸ் குழு 2016இல் காட்டியிருப்பது நம்பிக்கையளிக்கும் ஒரு வழி. ஆனால் அது வளையுமே தவிர நீளாது.

உடலின் பக்கத்திலிருந்து வரும் எதிர்வினை அடுத்தது. எந்த அயல்பொருள் உள்ளே வந்தாலும், சில நொடிகளில் இரத்தப் புரதங்கள் அதன்மீது படிகின்றன. பிறகு அயல்பொருட்களை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்களான மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன. சில வாரங்களில் நார்த்திசு உறை அதைச் சுற்றி மூடிவிடுகிறது. உறைக்குள் அடைபட்ட உணரி, எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், உடலோடு தொடர்பற்றுப் போகிறது. நேர், எதிர் மின்னூட்டங்கள் இரண்டையும் தன்னுள் கொண்டு நீரை இறுகப் பற்றிக்கொள்ளும் ஸ்விட்டரயனி ஹைட்ரோஜெல்களில் புரதம் ஒட்டுவதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷாவோயி ஜியாங் குழு 2013இல் இவற்றை எலிகளின் தோலடியில் வைத்து, மூன்று மாதங்கள் வரை உறை உருவாகாததைக் கண்டது. திசுவில் இறுக ஒட்டிக்கொண்டால் உரசல் குறையும் என்பது வேறொரு அணுகுமுறை. எம்ஐடியின் ஷுவான்ஹே ஜாவோ குழு 2019இல் வெளியிட்ட இருபக்க ஒட்டுநாடா, ஈரத் திசுவின் மேற்பரப்பு நீரை முதலில் உறிஞ்சி, ஐந்து நொடிகளுக்குள் பற்றிக்கொண்டு, பின் வேதிப்பிணைப்புகளால் நிலைக்கிறது.

பொருள் சரியாக இருந்தாலும் பொருத்தும் இடம் பாடம் கற்பிக்கும் என்பதற்கு 2024 ஒரு சான்று. அந்த ஆண்டு சனவரியில், மூளையைக் கணினியோடு இணைக்கும் கருவியை உருவாக்கும் நியூராலிங்க் நிறுவனம் தன் முதல் மனிதச் சோதனையில், 64 மெல்லிய பாலிமர் இழைகளில் பரவிய 1,024 மின்முனைகளை மூளையில் பதித்தது. அறுவைக்குப் பின் சில வாரங்களில் இழைகள் பல மூளையிலிருந்து பின்வாங்கி வெளியே நழுவியதாக நிறுவனமே மே மாதம் அறிவித்தது. மீதமிருந்த மின்முனைகளின் சமிக்ஞையை வாசிக்கும் முறையை மாற்றியதால் பயன்பாடு மீண்டது. இழை குழைவாக இருப்பது திசுவைக் காக்கிறது. ஆனால் அந்தக் குழைவே இழையை இடத்தில் பிடித்து வைக்கும் விறைப்பையும் இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

நீடிக்க முடியாத குறையையே பயனாக மாற்றிய ஒரு கிளை எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. இதய அறுவைக்குப் பின் சிலருக்குச் சில நாட்களோ வாரங்களோ மட்டும் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. அதற்கான கம்பிகள் மார்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றை உருவி எடுக்கையில் இதயத் தசை கிழிந்து இரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. நார்த்வெஸ்டர்ன், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2021இல் காட்டிய பேஸ்மேக்கருக்குக் கம்பியும் இல்லை, பேட்டரியும் இல்லை. அரை கிராமுக்கும் குறைவான எடையுள்ள அது, தன் வேலையை முடித்தபின் ஐந்து முதல் ஏழு வாரங்களில் உடலிலேயே கரைந்துவிடும். 2025இல் அதே குழுவினர், ஊசி வழியே செலுத்தக்கூடிய, அரிசி மணியை விடச் சிறிய வடிவத்தை வெளியிட்டார்கள். பிறவி இதயக் குறையோடு பிறக்கும் பச்சிளம் குழந்தைகளை மனத்தில் கொண்டே அது வடிவமைக்கப்பட்டது. இவை இன்னும் விலங்குகளிலும் உடலுக்கு வெளியே வைத்த மனித இதயங்களிலும் செய்த சோதனைகளே.

மக்களிடம் உண்மையில் சென்று சேர்ந்தது எது என்று கேட்டால், தொடர் குளுக்கோஸ் உணரியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கைப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே உணரியின் மெல்லிய நெகிழும் இழையில், ஆஸ்மியம் அணைவுகளைத் தாங்கிய ஒரு பாலிமர் ஜெல் குளுக்கோஸ் நொதியை மின்முனையோடு இணைக்கிறது. டெக்சாஸில் ஆடம் ஹெல்லர் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய வேதியியல் அது. அதன் வெற்றிக்கு ஒரு காரணம், அது ஏறத்தாழ இரண்டு வாரங்கள் மட்டுமே நிலைத்தால் போதும் என்பது. அந்தக் குறுகிய காலத்திலும், ஐசோபோர்னைல் அக்ரிலேட் போன்ற சேர்மங்களால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை ஏற்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்துள்ளன.

வாழ்நாள் முழுவதும் உள்ளே நிலைக்கும் மென்மையான பொருளுக்கும் நம்மிடையே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992இல் தொடங்கிய ஆரோலேப், கண்புரை அறுவைக்கான லென்ஸின் விலையைச் சாதாரண மக்களுக்கு எட்டும் அளவுக்கு இறக்கியது. அங்கு தயாராகும் மடியும் லென்ஸ்களில் ஒரு வகை, விக்டெர்லேயின் பொருளுக்கு உறவான நீர்விரும்பும் அக்ரிலிக். கடினமான லென்ஸை நுழைக்க அகலமான கீறல் வேண்டும்; மடித்த லென்ஸுக்கு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் போதும். அந்த வகைப் பொருளிலும், பல ஆண்டுகள் கழித்துக் கால்சியம் படிந்து லென்ஸ் மங்கும் நிகழ்வுகள் உலகின் பல இடங்களிலும் அறியப்பட்டுள்ளன. ஒளியை ஊடுருவ விடுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒரு ஜெல்லுக்கே இந்த நிலை என்றால், மின்னோட்டத்தையும் சுமக்க வேண்டிய ஜெல்லின் முன்னுள்ள சுமை புரியும்.

இந்தச் சுமையைச் சோதித்துப் பார்ப்பதிலேயே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பதியங்களின் ஆயுளை மதிப்பிட, அவற்றை வெந்நீர் உப்புக்கரைசலில் ஊறவைப்பது வழக்கம். வெப்பநிலை 10 பாகை ஏறினால் சிதைவின் வேகம் இருமடங்காகும் என்ற பொதுக்கணக்கின்படி, 67 பாகையில் பதினைந்து மாதங்கள் என்பது 37 பாகையில் பத்தாண்டுகளுக்குச் சமம். பீங்கானுக்கும் உலோகக் கூட்டுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்துகிறது. ஹைட்ரோஜெல்லிலோ, வெப்பம் ஏறும்போது நீரின் அளவும் வலையின் அமைப்புமே மாறிவிடுவதால், உடலில் ஒருபோதும் நிகழாத ஒரு சிதைவையே அந்தச் சோதனை அளந்துகொண்டிருக்கக்கூடும். அதோடு அந்தக் கரைசலில் மேக்ரோஃபேஜும் இல்லை, நார்த்திசுவும் இல்லை. எலியின் ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டுகள்தான். எனவே, இருபது வயதில் தண்டுவடம் முறிந்த ஒருவருக்கு அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கான மின்முனையைத் தர விரும்பும் ஆய்வுக்குழு, பெரிய விலங்குகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அளக்க வேண்டியிருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துபோகும் ஆய்வு நிதி அத்தகைய காத்திருப்புக்கு ஏற்றவாறு இன்னும் அமைக்கப்படவில்லை.